நல்ல தண்ணிக் கணக்கு

பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மருமகன் கேட்டான்: "உள்ள என்ன மாமா, கல்லா?"

கல் இல்லை, தண்ணீர். ஆளுக்கு 4 லிட்டர் வீதம் மூன்று பேருக்கு 12 லிட்டர். சமையலுக்குத் தனியாக 5 லிட்டர் கேன் ஒன்று. டென்ட், அரிசி, பருப்பு, சின்ன அடுப்பு எல்லாவற்றையும் சேர்த்தாலும் தண்ணீரின் கனத்துக்கு ஈடாகவில்லை. "கடலுக்குத்தானே போறோம், தண்ணிய ஏன் மதுரையிலேர்ந்து சுமக்கணும்?" என்றான். பதின்மூன்று வயது. கோயம்புத்தூர்க்காரன், சிறுவாணி குடித்து வளர்ந்தவன், அப்படித்தான் கேட்பான்.

அந்தக் காலத்தில் மேலதிகாரிக்குக் கோபம் வந்தால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்பார். அந்தக் காடு வேறெங்கும் இல்லை, எங்கள் அம்மா பிறந்த ராமநாதபுரம்தான். சின்ன வயதில் அம்மாவின் ஊருக்குப் போனால் குளிக்க அரை வாளித் தண்ணீர்தான் கிடைக்கும். அதையும் நின்றபடி ஊற்றிக்கொள்ளக் கூடாது, வாழைக்கன்று பக்கத்தில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். இவ்வளவு தெரிந்தும் இந்தப் பயணத்தில் தண்ணீர் விஷயத்தில் நான் மடத்தனம் செய்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் என் கல்லூரி நண்பன். கொடைக்கானல், மேகமலை என்று சுற்றியவன். மலையில் நடப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாகம் எடுத்தால் நின்று காது கொடுப்பான், தண்ணீர்ச் சத்தம் கேட்கும் பக்கம் போவான். இங்கே நான்கு நாளும் தண்ணீர்ச் சத்தம் காதைவிட்டுப் போகவே இல்லை. அதுதான் கொடுமை என்று இரண்டாம் நாள் அவனே சொன்னான்.

முதலில் நாங்கள் போட்ட திட்டம் வேறு. கீழக்கரையிலிருந்து சேதுக்கரை, பெரியபட்டினம் என்று தெற்குக் கரையோரமாகவே மண்டபம் வரை நடக்கலாம், மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தூரத்திலாவது பார்த்துக்கொண்டே போகலாம் என்று ஆசை. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் 21 தீவுகள். 1986-லிருந்து தேசியப் பூங்கா. இஷ்டப்படி போய்க் காலை வைக்க முடியாது, கூடாரம் போடுவதெல்லாம் பேச்சுக்கே இல்லை. அது சரிதான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்து, அலையைத் தடுக்க ஆளில்லாமல், அந்த 21-இல் இரண்டு தீவுகள் இப்போது கடலுக்கடியில் கிடக்கின்றன. மிச்சமாவது இருக்கட்டும்.

அந்தத் தீவுகளின் பெயர்களை மருமகனுக்குப் பேருந்தில் வாசித்துக் காட்டினேன். முயல் தீவு, முள்ளித் தீவு, வாழைத் தீவு, அப்பா தீவு என்று போய், நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று வந்ததும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாய்மரம் கட்டிப் போனவன் ஒருவன் வறண்ட தொண்டையோடு கரை ஏறி, மணலைத் தோண்டி, வாயில் வைத்துப் பார்த்து வைத்த பெயர்கள் என்றே எனக்குப் பட்டது. வழிகாட்டிப் பலகை மாதிரி.

சரி, திட்டம் மாறிய கதைக்கு வருகிறேன். உச்சிப்புளிப் பக்கம் தெரிந்த ஒரு படகுக்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். "மே மாசம் தெக்குக் கரையிலயா? கச்சான் காத்து எந்திரிச்சிருச்சுண்ணே. மண்ணு மூஞ்சில அடிக்கும், டென்டு பறந்து போயிரும். வடகடல் பக்கம் வாங்க" என்றார். இந்தக் கரையில் பாதி சூட்சுமம் இதுதான். மண்டபமும் ராமேஸ்வரம் தீவும் ஒரு விரல் மாதிரி கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. விரலுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கோடையில் தென்மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது தென்கடல் குதிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசியில் வாடை பிறந்தால் தலைகீழ். தனுஷ்கோடிப் பக்கம் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காலத்தில் பெண்கடல் போடும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இந்தப் பெயரை எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

ஆகவே அரியமானில் ஆரம்பித்தோம். பேருந்து சன்னல் வழியே வெடித்துக் கிடந்த கண்மாய்களும் சீமைக்கருவேலமும் முடிந்து, சவுக்குத் தோப்பு வந்து, அதைத் தாண்டினால் கடல். அலை என்று சொல்லவே முடியாது. கரையில் ஒதுங்கிய கடல்புல் மெத்தை மாதிரி கிடந்தது, ஒருவித அழுகல் வாடை. அந்தப் புல்லை மேயத்தான் ஆவுளியா இந்தக் கடலில் இருக்கிறது என்று சொன்னதும் மருமகன் இருட்டும் வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆவுளியா என்றால் கடல்பசு. அது எங்களுக்குக் காட்சி தரவில்லை.

அந்த அண்ணன் ஒரு தோப்புக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். தோப்புக்கும் மணலுக்கும் நடுவில் ஒரு மேட்டில் டென்ட் போட்டோம். இங்கே கேட்காமல் எங்கேயும் டென்ட் போடக் கூடாது. இலங்கை கூப்பிடு தூரம், ராத்திரியில் கரையோரம் விளக்கு தெரிந்தால் விசாரிக்க வருவார்கள். வந்தார்கள். கடலோரக் காவலர் இருவர் டார்ச்சோடு வந்து, ஆதார் பார்த்து, "வேற எடமே கெடைக்கலையா சார்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டுவிட்டுப் போனார்கள்.

மடத்தனம் அதற்கு அப்புறம் நடந்தது. டென்ட்டோடு வந்த ஆணிகள் மலை மண்ணுக்கானவை. மணலில் அடித்தால் வெண்ணெயில் குத்திய மாதிரி நிற்கிறது, இழுத்தால் வந்துவிடுகிறது. காற்று தோப்பைத் தாண்டி விட்டு விட்டு வந்து டென்ட்டை உப்ப வைத்தது. கனமாக என்ன இருக்கிறது என்று பார்த்தேன். 5 லிட்டர் கேன். அதன் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி மணலில் பாதி புதைத்து வைத்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். நடுராத்திரி டென்ட் ஒரு பக்கம் சரிந்து முகத்தில் விழுந்தது. வெளியே வந்து பார்த்தால் கேன் சாய்ந்து கிடக்கிறது, மூடி கழன்றிருக்கிறது. அடியில் ஈரத் தடம் மட்டும். 5 லிட்டரையும் மணல் குடித்துவிட்டது. ஒரு சின்ன நண்டு அந்த ஈரத்தின் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்தது.

விடிவதற்கு முன்பே தன் வத்தையை, அதாவது நாட்டுப்படகை, பார்க்க வந்த அண்ணன் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டார். "தண்ணியக் கயித்துல கட்டிக் காத்தப் பிடிச்சீகளா?" என்றார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு அவர் செய்து காட்டியதை அப்படியே எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். ஒரு பழைய சிமென்ட் சாக்கை எடுத்தார். அதைக் கிழித்து நான்காக்கினார். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கை மணலை அள்ளிப்போட்டுப் பொட்டலமாகச் சுருட்டி, டென்ட் கயிற்றால் கழுத்தை இறுக்கினார். முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்தார். பொட்டலத்தை உள்ளே வைத்து, கயிறு வெளியே வரும் பக்கம் மட்டும் சரிவாக ஒரு வாய்க்கால் கீறினார், கயிறு அதில் படுத்தபடி மேலேறும். அப்புறம் மணலை மூடி, குதிகாலால் நான்கு மிதி. இழுத்துப் பாருங்கள் என்றார். நானும் நண்பனும் சேர்ந்து இழுத்தோம். அசையவில்லை. ஒரு பொட்டலத்தில் இருந்தது ஒரு கிலோ மணல்கூட இருக்காது. மேலே மூடியிருக்கும் மணல்தான் பிடிக்கிறது, பொட்டலத்தின் கனம் இல்லை. இது தெரியாமல்தான் நான் 5 லிட்டர் தண்ணீரை மணலுக்கு ஊற்றியிருக்கிறேன்.

காலையில் அவர் வீட்டுக்குப் போனோம். அக்கா திண்ணையில் வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களில் ஒன்றைத் தூக்கி எங்கள் கேனில் சாய்த்தார். மருமகன் குடங்களை எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. ஒன்பது. குழாயில் காவிரித் தண்ணீர் அடுத்து என்றைக்கு வரும் என்று அவன் கேட்டான். "வரும் தம்பி, வர்ற அன்னைக்கு வரும்" என்றார் அக்கா. வேண்டாம், போதும் என்று நான் தடுத்தேன். "குடிக்கத் தண்ணி கேட்டா இல்லன்னா சொல்வாக?" என்று அவர் மிச்சத்தையும் ஊற்றினார். அதற்குப் பின் பையன் வாய் கொப்பளிக்கக்கூட டம்ளரில் அளந்து எடுத்தான்.

இரண்டாம் நாள் அரியமானிலிருந்து மண்டபம் நோக்கி நடந்தோம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் நிழல் பார்த்து ஒதுங்கிவிட வேண்டும், மறுபடி நான்கு மணிக்கு மேல்தான். கத்திரி வெயிலில் அதற்கு மேல் வீரம் காட்டக் கூடாது. ஈரமணலின் விளிம்பில் நடப்பது சுலபம், வறண்ட மணலில் ஒரு கிலோமீட்டர் மலையேற்றத்துக்குச் சமம் என்று மலைக்காரனே ஒப்புக்கொண்டான். தண்ணீருக்குள் இறங்கி நடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடக்க வேண்டும். மணலுக்குள் திருக்கை பதுங்கியிருக்கும், காலால் உரசினால் விலகிப் போய்விடும், மிதித்தால் முள் ஏற்றிவிடும்.

படத்தில் பார்த்தால் இந்தக் கரை ஆளில்லாத வெறும் மணல் மாதிரிதான் இருக்கும். நடந்தால்தான் தெரியும், இதில் வெறும் மணல் என்று ஒரு முழம்கூடக் கிடையாது. இங்கே வலை காயும், அங்கே கடல்பாசி காயும், அந்த இரண்டு கழிகளுக்கு நடுவில் ஒருவருடைய வத்தை ஏறும். முனைக்காட்டுப் பக்கம் கடலுக்குள் மூங்கில் மிதவைகள், 12 அடிக்கு 12 அடி. அதில் கட்டிவிட்ட பாசி சுமார் 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அதை இழுத்து வந்து பெண்கள் கரையில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். பையைக் கீழே வைக்க இடம் தேடி நான் ஒரு விரிப்பின் ஓரத்தில் வைக்கப் போக, "அண்ணே, அது எங்க சோறு" என்று ஓர் அக்கா சாதாரணமாகச் சொன்னார். பையைத் தோளிலேயே வைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் விசைப்படகுகள் எல்லாம் ஓய்வில் நின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். பெயின்ட் வாசமும் சுத்தியல் சத்தமும்தான் துறைமுகம் முழுக்க. நாட்டுப்படகுக்காரர்கள் மட்டும் கடலுக்குப் போய் வந்தார்கள், ஆகவே மீன் விலையைக் கேட்டாலே முள் குத்தியது. கூறு போட்ட ஓரா மீன் கொஞ்சம் வாங்கினோம். அன்றைக்கு நண்பனுக்கு ஒரு யோசனை. கடல் தண்ணீரில் உப்பு இருக்கிறது, சோற்றுக்கும் உப்பு போடத்தானே போகிறோம், பாதிக்குப் பாதி கலந்து உலை வைத்தால் நல்ல தண்ணீர் மிச்சம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்று யாரும் யோசிக்கவில்லை. அந்தச் சோற்றைக் கரையில் திரிந்த நாயே மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. மீனைக் கடல் தண்ணீரில் கழுவியது மட்டும் சரியாக வந்தது.

பாம்பன் பாலத்தை நடந்தே கடந்தோம். 1988-இல் திறந்த சாலைப் பாலம், இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பக்கத்தில் 1914-இன் பழைய ரயில் பாலம், ரயில் போகாமல் துருப்பிடித்து நின்றது. அதை ஒட்டி 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம், நடுத்துண்டு லிப்ட் மாதிரி அப்படியே மேலே ஏறும். எல்லாரும் ரயிலுக்காகக் காத்திருந்து படம் எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம். காற்றில் தொப்பி ஒன்று தென்கடலுக்குப் போனது, நண்பனுடையது.

தீவுக்குள் வந்ததும் வடக்குக் கரையிலேயே அக்காள்மடம், தங்கச்சிமடம். பனையும் குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரமும்தான் நிழல். தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வில்லூண்டி தீர்த்தம். கரையிலிருந்து கடலுக்குள் நடைபாலம் போகிறது, அதன் முனையில் ஒரு கிணறு. நாலா பக்கமும் கடல். ஆனால் கிணற்றில் இறைத்தால் நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகம் என்று ராமர் வில்லை ஊன்றினார், ஊற்று வந்தது, அதனால் வில்லூண்டி என்பது கதை. மருமகன் ஒரு கை குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். மறுபடி ஒரு கை. "இது எப்படி மாமா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு லிட்டர் கடல்நீர் 1,025 கிராம் இருக்கும், நல்ல தண்ணீர் 1,000 கிராம்தான். மழை பெய்து மணலுக்குள் இறங்கிய நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மிதக்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடிக்கு நல்ல தண்ணீர் நின்றால் அடியில் 40 அடிக்கு அது இறங்கி நிற்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதையே திருப்பிப் போடுங்கள். மோட்டார் வைத்து மேலே ஓர் அடி உறிஞ்சினால் கீழே 40 அடிக்கு உப்பு ஏறி வர இடம் கிடைத்துவிடும். வாளி போட்டு இறைத்தவரைக்கும் இனித்த கிணறு போர் போட்டதும் கரிப்பது இதனால்தான். "அப்ப ராமர் வில்ல ரொம்ப ஆழமா ஊனலைன்னு சொல்லுங்க" என்றான் பையன். தீர்த்தம் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பெரியவருக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னொரு வாளி இறைத்துத் தலையிலேயே ஊற்றினார். மூன்று நாள் உப்பு அந்த ஒரு வாளியில் போயிற்று. அதுவரை துண்டை நனைத்துப் பிழிந்து துடைத்ததுதான் எங்கள் குளியல்.

ராமேஸ்வரத்தில் ஒரு ராத்திரி அறை எடுத்துத் தங்கினோம், அது பயணக் கணக்கில் சேராது. கோயிலுக்குள் 22 தீர்த்தம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ருசி என்பார்கள். எனக்கு ஏழாவதுக்கு மேல் குளிர்தான் தெரிந்தது.

கடைசி நாள் தனுஷ்கோடி. அங்கே இரவு தங்க முடியாது, பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு கூட்டத்துக்குக் குறைவில்லை. நாங்கள் காலையிலேயே பேருந்தில் முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, சாலையை விட்டு வடகடல் ஓரமாக நடந்தோம். அந்தப் பக்கம் கண்ணாடி, இந்தப் பக்கம் சாலையைத் தாண்டிக் கேட்கும் இரைச்சல்.

இடிந்த தேவாலயச் சுவரை மருமகன் கிட்டப் போய்ப் பார்த்தான். கல்லில் பூப்பூவாகச் சின்னத் துளைகள். பவளக்கல். கடலிலிருந்து வெட்டி எடுத்துக் கட்டிய ஊரை 1964 டிசம்பர் 22 ராத்திரி கடல் வந்து எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் ஊரைச் சேரவே இல்லை, உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த ரயில் நிலையத்தின் தண்ணீர்த் தொட்டித் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கப்பலேறித் தலைமன்னார் போகிறவர்களின் ரயில்களுக்கு அங்கேதான் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள்.

குடிசைகளுக்குப் பின்னால் ஒரு பாட்டி ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். ஊற்று என்றால் இடுப்பளவுகூட ஆழமில்லாத குழி. மணல் சரியாமல் இருக்க அடி அறுத்த பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை இறக்கியிருந்தார்கள். அதிலிருந்து கடல் ஐம்பது தப்படிகூட இல்லை. பாட்டி சிரட்டையைத் தண்ணீரின் மேல்தோலில் மட்டும் சாய்த்து, வழித்து எடுத்தார். அரைச் சிரட்டைதான் வரும். குடத்தில் ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். குழி மறுபடி ஒரு விரற்கடை ஊறும். மறுபடி வழிப்பார்.

"பாட்டி, முக்கி எடுத்தா சீக்கிரம் ரொம்புமே" என்றான் மருமகன்.

"முக்குனா கலங்கும். அடியில உள்ளதும் எந்திரிச்சு வந்துரும்யா" என்றார். நான் நேற்று கிராம் கணக்கில் விளக்கியதை இவர் சிரட்டையில் வைத்திருந்தார்.

அவனிடம் சிரட்டையைக் கொடுத்தார். அவன் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுவது போல மொண்டான். முதல் நான்கு சிரட்டை மணலாக வந்தது. அரை மணி நேரத்தில் பாட்டிக்கு ஒரு குடம், அவனுக்கு ஒரு லிட்டர் பாட்டில். ருசி? கொஞ்சம் மண் வாசம், நுனிநாக்கில் லேசான துவர்ப்பு, அப்புறம் ஓர் இனிப்பு. தாகத்தில் குடித்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம். பாட்டிக்குப் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. பையில் மிச்சமிருந்த கருப்பட்டியை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பாட்டிலை அவன் அரிச்சல்முனையில் திறக்கவில்லை. திரும்பி வரும் பேருந்தில், மதுரையில், கோயம்புத்தூர் ரயிலில், எங்கேயும் திறக்கவில்லை. அம்மாவுக்குக் காட்ட வேண்டுமாம். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். பாட்டிலைச் சமையல்கட்டில் வைத்துவிட்டுக் கிரிக்கெட் விளையாடப் போயிருக்கிறான். என் தங்கை பழைய தண்ணீர் என்று எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டாளாம்.